எந்த சிஸ்டம் போடுவது என்று கேட்டிருந்தாய்

தம்பி,

கல்யாணத்துக்கு வரும்போது வீட்டுக் கம்ப்யூட்டரையும் சரிசெய்துவிட்டுப் போவதாகவும், அதில் எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போடுவது என்று நானும் உன் அய்யாவும் பேசி முடிவெடுத்து வைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். கூடவே மூன்று சிஸ்டங்களின் நிறைகுறைகளையும் விளக்கமாக எழுதி அனுப்பியிருந்தாய். பெற்ற பிள்ளை உனக்குப் பெண் பார்த்தபோதுகூட நாங்கள் இவ்வளவு விசாரிக்கவில்லை. என்ன படிப்பு, எந்த ஊர், யார் வழி என்பதோடு நின்றுவிட்டோம். பழைய பிரிண்டரோடு ஒத்துப்போவாளா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. உன் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு நான் வந்து சேர்ந்த வழியை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை வெளியிடுகிறேன். தனியாக அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாய்.

நீ எழுதியதை நான் புரிந்துகொண்டது இப்படி. இப்போதிருக்கும் பழைய விண்டோஸுக்குக் கம்பெனி இனிமேல் பாதுகாப்பு எதுவும் அனுப்பாது. புதிய விண்டோஸை நம் பெட்டி தாங்காது. வயதைக் காரணம் காட்டி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். மேக் வாங்கினால் எல்லாம் அழகாக இருக்கும், ஆனால் நம் மண்டபம் ஊரில் அதைத் திறந்து பார்க்க ஆள் கிடையாது, ராமநாதபுரத்திலும் சந்தேகம்தான். உடம்புக்கு முடியாமல் போனால் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். பெட்டிக்கும் அதேதானா என்று இருக்கிறது. லினக்ஸ் இலவசம், நோய் அண்டாது, பழைய பெட்டியிலும் சுறுசுறுப்பாக ஓடும். இதையெல்லாம் தெளிவாக எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய்: பழைய விண்டோஸையே வைத்துக்கொள்வது, கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவது போல, யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று. அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். ஏனென்றால் ஒருவர் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறார்.

உன் அய்யாவுக்குப் பக்கவாதம் வந்து போனது உனக்குத் தெரியும். கை திரும்பியது, கால் திரும்பியது, பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாக்கில் கோளாறு எதுவும் இல்லை, பேச முடியும், பேசாமல் இருக்கிறார் என்று ராமநாதபுரத்து டாக்டர் சொன்னார். அவருடைய அறிவு எனக்குப் பிடித்திருந்தது. முப்பது வருடமாக எனக்குத் தெரிந்ததைக் கண்டுபிடித்து, அதற்கு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். நீ ஒரு வாரம் லீவில் வந்து எதிரே உட்கார்ந்து பேசிப் பார்த்தாய். தலையசைப்புக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. போகும் முன் கம்ப்யூட்டரில் தனியாக ஆடுகிற சீட்டாட்டத்தை அவருக்குத் திறந்து வைத்துவிட்டுப் போனாய். அது நல்ல காரியம். காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பார். இந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு மேல் என் குரலும், காற்றில் ஜன்னல் அடிக்கிற சத்தமும், பாம்பன் பக்கம் போகிற ரயிலும்தான் கேட்டுக்கொண்டிருந்தன.

ஒரு நாள் மத்தியானம் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து குரல் கேட்டது. "சும்மா இருங்க மச்சான். எனக்குத் தெரியும்."

போய்ப் பார்த்தேன். உன் அய்யா தனியாகத்தான் இருந்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தார். திரையில் அம்புக்குறி நகர்ந்துகொண்டிருந்தது. அவசரமில்லாமல் ஊர்ந்து ஒரு டைமண்ட் ஒன்பதின் மேல் போய் நின்றது. கொஞ்சம் நடுங்கியது. அங்கிருந்து ஓர் இஸ்பேட் பத்தின் மேல் போய் நின்றது. மறுபடியும் நடுங்கியது. உன் அய்யா மவுஸை எடுத்து ஒன்பதைக் கொண்டுபோய்ப் பத்தின் மேல் வைத்தார். "சரி, இது சரிதான். அதுக்காக எப்பவும் காட்டாதீங்க" என்றார்.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன்னைத் தூக்கியதோடு சரி, உன் தாய்மாமனை உனக்கு நினைவிருக்காது. என் அண்ணன் கடலாடிப் பக்கம் மிளகாய் போட்டுப் பிழைத்தவர். அது தவிர, அடுத்தவர் செய்கிற எந்த வேலைக்கும் யோசனை சொல்வார். எங்கள் வீட்டுக்கு வந்தால், சீட்டாடுகிறவர்களின் பின்னால் நின்றுகொண்டு, தோளுக்கு மேலாக ஒரு விரலை நீட்டி, எந்தச் சீட்டை இறக்க வேண்டும் என்று காட்டுவார். உட்கார்ந்து ஆட மாட்டார். மிளகாய் மூட்டையையும் மண்வெட்டியையும் பிடித்துப் பிடித்து அந்த விரல் எப்போதும் லேசாக நடுங்கும். "ஒண்ணு உக்காந்து ஆடுங்க மச்சான், இல்ல ஊருக்குப் போயி மிளகாயக் காய வைங்க" என்று உன் அய்யா கத்துவார். விரல் அங்கேயே இருக்கும். அது காட்டுகிற சீட்டு பெரும்பாலும் சரியாகவும் இருக்கும், எரிச்சலே அதுதான்.

ஒரு நாள் தங்கச்சிமடத்துக்காரர்கள் சிலர் வள்ளத்தில் போனபோது, மீன் எங்கே கிடக்கும் என்று காட்டுவதற்காக அவரும் ஏறிப் போனார். வாய்க்காலைத் தாண்டி வேறெதிலும் இறங்கி அறியாதவர். பெண்கடல் என்று இங்கே சொல்கிற வடக்குக் கடலில்தான் போனார்கள். சாதுவான கடல் என்று பெயர். காற்றெடுத்தது, வள்ளம் கவிழ்ந்தது. மற்றவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அண்ணன் வரவில்லை. உடலும் வரவில்லை. தேசம் முழுவதும் தன் இறந்தவர்களை அனுப்பி வைக்க ராமேஸ்வரத்துக்கு ரயிலேறி வருகிறது; பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் குடியிருக்கும் நாங்கள் எங்கள் ஒருவரை அனுப்பி வைக்கவில்லை. தர்ப்பையில் உருவம் செய்து காரியம் செய்துவிடலாம் என்று புரோகிதர் சொன்னார். "ஆளு இன்னும் வந்தே சேரல. வராத ஆள எப்பிடிய்யா அனுப்புறது?" என்று உன் அய்யா கேட்டார். அதோடு விட்டோம்.

இப்போது அந்த அம்புக்குறியைப் பார்த்தேன். நான் நாவல்களும் சரித்திரமும் நிறைய வாசித்தவள், பேய்க்கதைகளையும் விட்டுவைத்ததில்லை. அவற்றில் வருகிறவர்கள் பழிவாங்க வருவார்கள், புதையலைச் சொல்ல வருவார்கள். டைமண்ட் ஒன்பதைக் காட்டுவதற்காகக் கடலிலிருந்து யாரும் வந்ததாக நான் வாசித்ததில்லை. எனவே முதலில் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன். உன் ஊரில் இருந்தபடியே எங்கள் கம்ப்யூட்டரை இயக்குகிற ஏதோ ஒன்றை நீ போட்டு வைத்திருந்தாய் அல்லவா? உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். அதைப் போன தடவை வந்தபோதே எடுத்துவிட்டதாகச் சொன்னாய். "ஏன்மா, எதுவும் பிரச்சினையா?" என்றாய். "இல்ல, அய்யா பேசுறாரு" என்றேன். நீ சந்தோஷப்பட்டாய். நானும் சந்தோஷப்பட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். பேச்சு திரும்பிவிட்டது, அது யாரோடு என்று பார்ப்பது நன்றிகெட்ட காரியம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அவர் என்னோடு பேசவில்லை, தம்பி. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் ஊமை. கூடத்துக்குப் போய் உட்கார்ந்ததும் மிளகாய் விலை, மழை, உன் கல்யாணம், பெண் வீட்டார் குணம் எல்லாவற்றையும் பேசுவார். என்னைப் பற்றியும் பேசுவார். "உங்க தங்கச்சி குழம்புல இப்பல்லாம் உப்பே போடுறதில்ல மச்சான்" என்று அவர் சொல்வதை அடுத்த அறையில் நின்று கேட்டேன். உப்பைக் குறைக்கச் சொன்னது டாக்டர். அதை அம்புக்குறியிடம் போய் விளக்குவதா என்று தெரியாமல் நின்றேன்.

அப்புறம் அம்புக்குறி வேறொன்றையும் காட்டத் தொடங்கியது. ஆட்டம் முடிந்ததும், அது மெதுவாக இறங்கித் திரையின் மூலைக்குப் போய், கம்ப்யூட்டரை அணைக்கிற பொத்தானின் மேல் நிற்கும். அழுத்தாது. நிற்கும். நடுங்கும். உன் அய்யா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்பவேவா? இருங்க, சட்டைய மாட்டிட்டு வாரேன்" என்பார். எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு வருவார், அதற்குள் அம்புக்குறி வேறெங்காவது போயிருக்கும், மறுபடியும் உட்கார்ந்துவிடுவார். நான் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் சந்தைக்குப் போய்த் திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது. அம்புக்குறி அந்தப் பொத்தானின் மேல் அசையாமல் நின்றது. வாசல் கதவு திறந்திருந்தது.

வடக்குக் கரையில் அவரைக் கண்டுபிடித்தேன். தேய்த்த வெள்ளைச் சட்டையோடு, முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். பாசி எடுக்க வந்த பெண் ஒருத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டு அண்ணனாக்கா? வள்ளம் வரும், ஏறணும்னு நிக்கிறாரு. இங்கன எங்கக்கா வள்ளம் வருது? வாங்க அண்ணேன்னா, மச்சான் கூப்பிட்டாருங்கிறாரு. ஒங்க மச்சான் எங்கன்னு கேட்டேன். அங்கனன்னு கைய நீட்டுறாரு. எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சுக்கா."

அவர் கை நீட்டிய திசையில் நானும் பார்த்தேன். தண்ணீர்தான் இருந்தது. அண்ணன் போன நாளில் இருந்தது போல அவ்வளவு சாதுவாக இருந்தது.

நீ கேட்ட கேள்வி என் தலையில் இறங்கியது அன்றுதான். மறுநாள் ராமநாதபுரத்திலிருந்து கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற தம்பியை வரவழைத்தேன். அவன் பெட்டியைத் தொடுவதற்கு முன்பே நோயைக் கண்டுபிடித்துவிட்டான்.

"உப்புக் காத்தும்மா. கடக்கரை வீடு பூராம் இதே கததான். அம்பு ஆடும், ஸ்பீக்கர் கரகரங்கும். மவுஸ மாத்தினா முடிஞ்சது."

மவுஸை மாற்றினான். அம்புக்குறி நகர்ந்து ஒரு சீட்டைக் காட்டியது. மவுஸையே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான். அப்போதும் காட்டியது. "வைரஸும்மா, வெளிய இருந்து எவனோ ஆட்டுறான்" என்று இன்டர்நெட் வயரைப் பிடுங்கினான். வெளியே இருந்து எவனும் வரமுடியாதபடி ஆன பிறகும் அது வந்தது. உன் அய்யா பக்கத்தில் உட்கார்ந்து, "புது ஆளு மச்சான், பயப்படுறாப்ல" என்று அவனை அறிமுகம் செய்து வைத்தார். அவன் பைக்குள்ளிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் சொருகி, பெட்டியில் பதியாமல் அதிலிருந்தே லினக்ஸை ஓட்டிக் காட்டினான். அதிலேயே சீட்டாட்டம் இருந்தது. திறந்தான். அம்புக்குறி வைத்த இடத்தில் அப்படியே நின்றது. நாங்கள் மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காபி ஆறிப்போனது. அது அசையவில்லை. உன் அய்யா திரையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஊமையாகிவிட்டார். பென்டிரைவை எடுத்துவிட்டுப் பழைய விண்டோஸைத் திறந்ததும் அம்புக்குறி இறங்கி வந்தது. "எங்க போயிருந்தீக?" என்று அவர் கேட்டார்.

"லினக்ஸுல இந்தப் பிரச்சினை இல்லம்மா" என்றான் அந்தத் தம்பி. எந்தப் பிரச்சினை என்று கேட்டேன். அவன் பைக்கில் ஏறிவிட்டான். பென்டிரைவை விட்டுவிட்டுப் போய்விட்டான். கூப்பிட்டுச் சொன்னேன், நீங்களே வச்சுக்கங்கம்மா என்றான்.

ஆக, சிஸ்டங்களை ஒப்பிடுகிற உன் பட்டியலில் இல்லாத ஒரு வரி எனக்குக் கிடைத்தது. பழைய விண்டோஸ்: என் அண்ணன் வருவார், உன் அய்யா பேசுவார், ஒரு நாள் அவரோடு போய்விடுவார். லினக்ஸ்: அண்ணன் வரமாட்டார், அய்யா வீட்டிலேயே இருப்பார், இனி ஒரு வார்த்தையும் பேசமாட்டார். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லித்தான் நீ எனக்கு எழுதியிருந்தாய், உனக்கே தெரியாமல்.

உன் அத்தையிடம் பாதியைச் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. "அதுக்கு ஏன் மதினி மண்டையப் போட்டு ஒடைக்கிறீக? அம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றாள். ஊர்க்காரர்கள் நிலம் வாங்க, பெண் கொடுக்க, ஆபரேஷன் செய்ய எல்லாவற்றுக்கும் பூக்கட்டிப் பார்த்தவர்கள்தாம். விண்டோஸா லினக்ஸா என்று கேட்ட முதல் ஆள் நானாக இருக்கலாம். வெள்ளை அரளி வந்தால் பழையதே இருக்கட்டும், செவ்வரளி வந்தால் லினக்ஸ் என்று மனதில் நினைத்துக்கொண்டேன். இலைத்துண்டில் தனித்தனியாக மடித்துக் கட்ட வேண்டும். நான் கட்டினேன். உன் அத்தை சூடம் வாங்கத் திரும்பிய நேரத்தில் இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியையே வைத்துக் கட்டினேன். தெய்வத்தை நம்பாமல் அல்ல. அதற்குச் சிரமம் வைக்க வேண்டாம் என்றுதான்.

பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே வெள்ளை அரளி இருந்தது.

"பழசே இருக்கட்டும்னு உத்தரவு" என்றார். உன் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னொரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். அப்படி வழக்கமில்லை என்று பூசாரி அதைக் கூடையில் போட்டுவிட்டார். செவ்வரளி இலைக்குள் இருந்தால் வெளுத்துப்போகும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் வாசிக்கவில்லை. வீடு வரும்வரை உன் அத்தை எதையோ பேசிக்கொண்டு வந்தாள். என் விரலில் செவ்வரளியின் பால் காய்ந்து ஒட்டியிருந்ததை நான் தேய்த்துக்கொண்டே வந்தேன்.

உத்தரவு வந்த பிறகு மீறக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த உத்தரவைக் கொடுத்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. என் அண்ணன் உயிரோடு இருந்தபோதும் அடுத்தவர் எடுக்க வேண்டிய முடிவில் விரலை நீட்டியவர்தான். அவர் காட்டுவது பெரும்பாலும் சரியாக இருக்கும் என்று சொன்னேன். வள்ளத்தில் ஏறியது சரியாக இல்லை. அதனால் இந்தத் தடவை அவர் பேச்சைக் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன்.

உனக்குச் சொல்ல நினைப்பது ஒன்று உண்டு; அதைப் புத்திமதி என்று எடுத்துக்கொண்டாலும் சரி. கல்யாணம் ஆன பிறகு அவரவர் வேலையை அவரவர் பார்த்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் நாகரிகம் என்று உன் தலைமுறை நினைக்கிறது. நானும் உன் அய்யாவும் உங்களுக்கு முன்பே அந்த நாகரிகத்தை அடைந்துவிட்டோம். அவர் சீட்டாடினால் நான் புத்தகம் வாசிப்பேன். அவர் பேசாமல் போனபோது, அவருடைய விருப்பத்தை மதிக்கிறேன் என்று நானும் விட்டுவிட்டேன். அந்த இடம் காலியாக இருந்தது. அங்கே வந்து நிற்க ஒருவர் கடலைத் தாண்டி வர வேண்டியிருந்தது. உன் மனைவியாகப் போகிறவள் என்ன செய்துகொண்டிருந்தாலும் கொஞ்சம் பக்கத்தில் போய் நில். அது தப்பு, இப்படிச் செய் என்று காட்டு. திட்டுவாள். திட்டட்டும்.

நேற்று காலை உன் அய்யா குளிக்கப் போயிருந்தபோது பென்டிரைவைச் சொருகி லினக்ஸைத் திறந்து வைத்தேன். அவர் வந்து உட்கார்ந்தார். ஆட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் சிக்கியது. மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அம்புக்குறி அசையவில்லை. வெளியே காற்று நின்றிருந்தது. அவர் முகம் அன்று கரையில் இருந்தது போல ஆகிக்கொண்டு வந்தது. வாசல் பக்கம் திரும்பினார். நான் பின்னால் போய் நின்றேன். எனக்குச் சீட்டாடத் தெரியாது. பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குப் பழகியது அவ்வளவுதான். அவர் தோளுக்கு மேலாக விரலை நீட்டி, திரையில் ஒரு கறுப்பு ஏழாம் சீட்டைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் திரும்பவில்லை. மவுஸை எடுத்து அந்தச் சீட்டை நகர்த்தி வைத்தார். ஆட்டம் திறந்துகொண்டது. அடுத்ததையும் காட்டினேன். அதற்கு அடுத்ததைக் காட்ட விரலை நீட்டியபோது, அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

ஆகவே தம்பி, லினக்ஸே போட்டுவிடு. நீ வரும்வரை பென்டிரைவிலேயே ஓட்டிக்கொள்கிறேன். கதவைச் சரியாகப் பூட்டுகிற சிஸ்டம் அதுதான் என்று நீ எழுதியது உண்மையாகத்தான் இருக்கும். அம்புக்குறி நேற்று முழுவதும் ஒரு தடவைகூடத் தானாக நகரவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கையைத் தட்டிவிட்டபோது உன் அய்யா சொன்னதை மட்டும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"அண்ணனும் தங்கச்சியும் ஒரே நேரத்துல காட்டாதீங்க. நான் யாரு சொல்றதக் கேக்குறது?"